கடற்புயலும் திண்டுக்கல் சீமையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவில் புயற்சின்னம் தோன்றியிருப்பதாகச் செய்தி வந்தால், நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் உள்ளவர்கள் கவலை கொள்ளுகிறார்கள். திண்டுக்கல், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைத் தாலூகாக்களிலுள்ள நம் குடியானவர்களோ, மழை கிடைக்குமா என்று மாத்திரம் கேட்டுவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கச் செல்லுகிறார்கள். புயல் கடற்கரையாருடைய துன்பம், மழை நம்முடைய பாக்கியம் என்னும் எண்ணம் இச்சீமையில் வேரூன்றியிருக்கிறது. இதில் பாதி உண்மை. மற்றப் பாதி பெருநஷ்டத்துக்கு இடமானது. கடலில் பிறந்த புயல் கரையேறியபின் அதன் காற்றுத் தளருமேயன்றி, அது சுமந்து வரும் நீர் உடனே குறைந்துவிடுவதில்லை. ஆகையால் உள்நாட்டாராகிய நமக்குப் புயலென்பது முதன்மையாக நீரைப் பற்றிய விஷயம். அதற்குரிய ஆயத்தம் வரத்துக் கால்களிலும் கலிங்குகளிலும் மடைகளிலும் புரட்டாசி முடிவதற்குள் செய்யப்படவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதன் காரணங்கள் விளங்கவேண்டுமானால், புயல் இன்னதென்பதையும் அது உண்டாகும் விதத்தையும் முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

புயல் என்பது யாது?

பூமத்திய ரேகைக்கு இருபுறத்திலுமுள்ள உஷ்ணமான சமுத்திரங்களில், காற்றழுத்தம் மிகக் குறைந்த ஓரிடத்தைச் சுற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குக் காற்றும் மேகமும் சுழன்று வருவதே புயல். அட்லாண்டிக் சமுத்திரத்தில் இதனை ஹரிக்கேன் என்றும், சீனம் ஜப்பான் பக்கத்தில் டைபூன் என்றும், நமது இந்து சமுத்திரத்தில் சைக்ளோன் என்றும் சொல்லுகிறார்கள். பெயர் மூன்றாயினும் வஸ்து ஒன்றே. சைக்ளோன் என்னும் பெயரை, கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் 1840-களில் கிரேக்க மொழியிலிருந்து அமைத்தார். பாம்பு சுருண்டு கிடப்பதைப்போன்ற சுழற்சி என்பது அதன் கருத்து.

காற்றின் வேகத்தைக்கொண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறையார் இவற்றைத் தரம் பிரிக்கிறார்கள். மணிக்குச் சுமார் 31 கிலோமீட்டர் வேகமுடையது தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரை எட்டினால் புயல். 89-ஐ எட்டினால் தீவிரப் புயல். 118-ஐ எட்டினால் அதிதீவிரப் புயல். இந்தக் கடைசி அளவிலிருந்துதான் அமெரிக்கர் ஹரிக்கேன் என்று பெயரிடுகிறார்கள். இப்பகுப்பு முழுவதும் காற்றைப் பற்றியதேயன்றி மழையைப் பற்றியதன்று என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். தரத்தில் தாழ்ந்த புயல் மழையிலும் தாழ்ந்ததாயிருக்கும் என்று எண்ணுவது பிசகு.

புயல் உண்டாகும் விதம்

அடுப்புக்கு விறகு எப்படியோ அப்படியே புயலுக்கு வெதுவெதுப்பான கடல்நீர். கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தோடு இருக்கவேண்டும். அவ்வெப்பம் மேலோடு மாத்திரம் நில்லாமல் சுமார் 50 மீட்டர் ஆழம்வரை இறங்கியிருப்பது நலம். அத்தகைய கடலிலிருந்து நீராவி ஏராளமாய் எழும்புகிறது. ஒரு லிட்டர் நீரை உறையும் நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான வெப்பம் அதே நீரை ஆவியாக்கச் செலவாகிறது. இவ்வெப்பம் அழிந்துபோவதில்லை, ஆவிக்குள் மறைந்திருக்கிறது. ஆவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகவும் மழைத்துளியாகவும் மாறும்போது, மறைந்திருந்த வெப்பமெல்லாம் அங்கே வெளிப்படுகிறது. அதனால் சுற்றிலுமுள்ள காற்றுச் சூடேறி இலேசாகி இன்னும் மேலே செல்லுகிறது. கீழே காற்றழுத்தம் குறைகிறது. அவ்விடத்தை நிரப்பப் பக்கத்திலுள்ள ஈரக்காற்று ஓடிவருகிறது; அதுவும் மேலேறி மழையாகி வெப்பத்தை விடுகிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்க, சாதாரணத் தாழ்வு நிலை சில தினங்களில் பெரும் புயலாகிறது.

ஓடிவரும் காற்று நேரே மையத்தில் போய்ச் சேராமல் சுழலுவதற்குப் பூமியின் சுழற்சியே காரணம். பூமியின் வட பாகத்தில் ஓடும் காற்று எப்போதும் வலப்புறமாகத் திருப்பப்படுவதால், புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலுகிறது. பூமத்திய ரேகையின்மேல் இத்திருப்பம் இல்லை. ஆகவே அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து பாகைக்கு அப்பாலேயே புயல்கள் பெரும்பாலும் பிறக்கின்றன.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கீழ்க்காற்றும் மேற்காற்றும் வேகத்திலும் திசையிலும் அதிகமாய் மாறுபட்டால், எழும்பும் மேகத்தூண் சாய்ந்து சிதறிவிடும். ஆடி, ஆவணியில் கடல் சூடாயிருந்தும் விரிகுடாவில் பெரும் புயல்கள் அரிதாயிருப்பதற்கு, அக்காலத்தில் கீழே மேல்காற்றும் உயரத்தில் பலத்த கீழ்காற்றும் எதிரெதிராக வீசுவதே காரணம். ஐப்பசி பிறந்ததும் இம்மாறுபாடு தணிகிறது. தாழ்வுப் பகுதியும் விரிகுடாவின் தென்பாகத்துக்கு இறங்குகிறது. கடலோ இன்னும் சூடாறாமல் இருக்கிறது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் தமிழ்நாட்டுக்குப் புயற்பருவமாகிறது.

கரையேறியபின் நடப்பது

கரையேறிய புயலுக்குக் கடல்நீராகிய விறகு கிடைப்பதில்லை. தரையிலும் மரங்களிலும் குன்றுகளிலும் உராய்ந்து கீழ்க்காற்றும் வேகம் குன்றுகிறது. சில மணி நேரத்திலேயே தீவிரப் புயல் தாழ்வு மண்டலமாகத் தளர்ந்துவிடக்கூடும். கடற்கரையில் உயிர்களை அதிகமாய்க் கொள்ளைகொள்ளும் கடற்பெருக்கும் உள்நாட்டை எட்டுவதில்லை. 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்ததும், 1977-ஆம் வருஷம் நவம்பர் 19-ஆம் தேதி ஆந்திர தேசத்துத் திவிசீமையில் ஆயிரக்கணக்கானவர்களை மாய்த்ததும் அந்தக் கடற்பெருக்கே. இவ்வளவில் நம்மவர்களுடைய நிம்மதி நியாயமானதுதான்.

ஆனால் கரையேறுமுன் புயல் சேர்த்துவைத்த நீராவி மேகங்களில் இருக்கவே செய்கிறது. கடற்பக்கத்திலிருந்து ஈரக்காற்றும் சில காலம் அதனோடு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. புயல் விரைந்து சென்றால் அந்நீர் பல ஜில்லாக்களில் பரவிப் பெய்யும்; மெதுவாய் நகர்ந்தாலோ ஒரே இடத்தில் கொட்டிவிடும். 2020-ஆம் வருஷம் டிசம்பரில் வந்த புரெவிப் புயல், இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரத்துக்கருகே வலுவிழந்து ஏறக்குறைய அசையாமல் நின்றது. காற்றளவில் அது அற்பமே. ஆயினும் சிதம்பரம், கொள்ளிடம் பக்கங்களில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கருகே கரையேறிய பெஞ்சல் புயல், மெள்ள நகர்ந்து தளர்ந்து உள்நாடு சென்றபோது, கடலையே காணாத கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஊத்தங்கரையில் ஒரு நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஊத்தங்கரைக்கு நேர்ந்தது வேடசந்தூருக்கு நேராதென்று சொல்ல ஏது உண்டு?

நமது சீமையின் நிலை

திண்டுக்கல் நகரும் வேதாரணியமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இடைத்தூரம் சுமார் 200 கிலோமீட்டர். நாகைக் கரையில் ஏறி நேர்மேற்கே செல்லும் புயலுக்கு நாம் வழியிலேயே இருக்கிறோம். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி பின்னிரவில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் இவ்வழியாகவே வந்தது. தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டு, அன்றைய தினமே திண்டுக்கல் ஜில்லாவைக் கடந்து, கேரளத்தின் வழியாக அரபிக்கடலிற் சென்றது. சமவெளியில் அதன் காற்றுத் தணிந்திருந்தபோதிலும், கொடைக்கானல் மலைப்பாதைகளில் மரங்கள் வீழ்ந்து போக்குவரத்து நின்றது. மண்சரிவில் உயிர்ச்சேதமும் உண்டாயிற்று.

மலைகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. கிழக்கே சிறுமலையும் நத்தத்துக் குன்றுகளும், மேற்கே பழனிமலைத் தொடரும் நம் சமவெளியை அடைத்திருக்கின்றன. ஈரக்காற்று இவற்றின்மேல் ஏறும்போது மறுபடியும் குளிர்ந்து, மீந்திருந்த நீரையும் சரிவுகளில் பெய்துவிடுகிறது. அந்த நீர் குடகனாறாய் வடக்கே ஓடி அமராவதியையும், மருதாநதியாய்த் தெற்கே ஓடி வைகையையும் சேருகிறது. மலையில் பெய்த மழை சமவெளி வாய்க்காலை அடைய ஒரு பகலும் தேவையில்லை. திண்டுக்கல்லில் தூறல் விழுந்துகொண்டிருக்கும்போதே மலையடிவாரத்துக் கண்மாய் கரைபுரளுவது இதனால்தான்.

1977-ஆம் வருஷத்தை வேடசந்தூர்ப் பக்கத்து முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கருகே கரையேறிய புயல் உள்நாட்டைக் கடந்து சென்றது. அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த நமது சீமையில், அழகாபுரியருகே குடகனாற்றின் குறுக்கே புதிதாய்க் கட்டப்பட்டிருந்த மண்ணணை அந்த மாதத்து வெள்ளத்தில் உடைந்தது. மதகுகளைத் தூக்க ஊழியர்கள் முயன்றபோது மின்சாரம் நின்றுபோயிற்று. கதவுகள் பாதியளவே உயர்ந்தன. மாற்று இயந்திரம் இயங்கத் தொடங்கியும் பயனில்லாமல், வெள்ளம் கரைமேல் ஏறி, பின்சரிவு மண்ணை அரித்து, பல இடங்களில் அணையைப் பிளந்தது. பின்னர் அது மறுபடியும் கட்டப்படவேண்டியதாயிற்று. அதைக் காற்று உடைக்கவில்லை. வழிகிடைக்காத நீர் உடைத்தது. மண்கரை நீரைத் தாங்கும். தன்மேல் வழிந்தோடும் நீரை ஒருபோதும் தாங்காது. பெரிய அணைக்குப் பொருந்திய இவ்வுண்மை, நம் கிராமத்துக் குளக்கரைக்கும் பொருந்தும்.

நன்மையும் தீமையும் ஒரே வாய்க்காலில்

புயல் இல்லாவிட்டால் நமது குளங்கள் எப்படி நிரம்பும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. இச்சீமைக்குப் பெரிய ஜீவநதி கிடையாது. வருஷத்தில் கிடைக்கும் 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மழையில் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதிலும் பெரும்பகுதி, கடலில் தோன்றும் சில தாழ்வு நிலைகளாலும் புயல்களாலும் சில நாட்களில் பெய்துவிடுகிறது. ஆகவே புயலை வேண்டாமென்று நாம் சொல்லமுடியாது. அது கொண்டுவரும் நீரை ஏற்கத் தகுதியாய் இருக்கிறோமா என்பதே கேள்வி.

சிறு கணக்கொன்று பார்ப்போம். ஒரு சதுர மைல் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்நீர் சுமார் 91 லட்சம் கன அடி. அதில் மூன்றிலொரு பங்கு மாத்திரம் ஓடிவந்தாலும் 30 லட்சம் கன அடி ஒரே இரவில் குளத்தை நாடும். வரத்துக்கால் தூர்ந்து, கருவேல் மண்டி, பக்கத்துப் பட்டாதாரரால் உழப்பட்டுக் குறுகியிருந்தால், இந்நீர் குளத்துக்குப் போகாமல் வயல்களிலும் வீதிகளிலும் பாய்கிறது. அதே கிராமத்தில் மாசி மாதம் குளம் வறண்டு கிடக்கிறது. கார்த்திகையில் வெள்ள நஷ்டத்துக்கு மனு, பங்குனியில் குடிநீருக்கு மனு. இரண்டுக்கும் காரணம் ஒரே வாய்க்கால்.

இதைவிட ஆபத்தான வழக்கம் ஒன்றும் சில ஊர்களில் காணப்படுகிறது. கூடுதலாக நீர் நிற்கட்டும் என்று ஆயக்கட்டுதாரர் சிலர் கலிங்கின்மேல் மணல்மூட்டையும் பலகையும் அடுக்குகிறார்கள். ஒரு சாண் நீருக்கு ஆசைப்பட்டுக் கரை முழுவதையும் பணயம் வைப்பதே இது. நம் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய்த் தொடர்ந்திருப்பவை. மேற்குளம் உடைந்தால் அந்த வெள்ளம் கீழ்க்குளங்களையும் ஒவ்வொன்றாய் உடைத்துக்கொண்டு போகும். ஒருவருடைய ஆசைக்குப் பல கிராமங்கள் விலை கொடுக்க நேரிடும். இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகள் தாக்ஷண்யம் பாராமல் நடந்துகொள்ளவேண்டும்.

செய்யவேண்டியவை

முதலாவது, புரட்டாசி முடிவதற்குள் வரத்துக்கால், கலிங்கு, மறுகால், மடை ஆகியவற்றைக் கிராமத்தார் கூடிப் பார்வையிடவேண்டும். மதகுக் கதவுகளை ஒருமுறை முழுவதும் தூக்கி இறக்கிப் பார்ப்பது அவசியம். மின்சாரத்தால் இயங்கும் கதவாயின், கையினால் சுழற்றியும் தூக்க இயலுமா என்பதைச் சோதித்தறியவேண்டும். 1977-ஆம் வருஷத்தின் பாடம் இதுவே. குடிமராமத்து நமக்குப் புதிதன்று. 1858-ஆம் வருஷத்திய சென்னைச் சட்டமொன்று இக்கடமையைக் குறித்திருந்தது; 2017-ஆம் வருஷத்தில் தமிழ்நாடு அரசாங்கம் அப்பெயராலேயே குளங்களைச் செப்பனிடத் தொடங்கிற்று. அரசாங்கம் குளத்தைத் தூர்வாரலாம். வருஷந்தோறும் வாய்க்காலைக் காப்பது அதனால் பிழைப்பவர்களுடைய கடமை.

இரண்டாவது, எச்சரிக்கையைப் படிக்கும் முறை. துறைமுகங்களில் ஏற்றப்படும் எண்ணிட்ட கூண்டுகள் கப்பல்களுக்கானவை. அவற்றைக்கொண்டு உள்நாட்டார் எதையும் நிச்சயிக்கலாகாது. நாம் பார்க்கவேண்டியவை மூன்று: புயல் செல்லும் வழி, அது நகரும் வேகம், நமது ஜில்லாவுக்குச் சொல்லப்படும் மழையளவு. கனமழை என்பது 24 மணி நேரத்தில் சுமார் 6½ சென்டிமீட்டர் முதல்; மிகக் கனமழை சுமார் 11½ முதல்; அதிகனமழை 20 சென்டிமீட்டருக்கு மேல். 'வலுவிழந்தது' என்ற சொல்லைக் கேட்டவுடன் காவலை நீக்கிவிடக்கூடாது. 'மெதுவாய் நகருகிறது' என்ற சொல்லே நமக்கு அதிக அச்சத்தைத் தரவேண்டும்.

காற்றைக்கொண்டே புயலின் மையத்தை அறியும் வழியும் உண்டு. 1857-ஆம் வருஷத்தில் டச்சு நாட்டு விஞ்ஞானி பைஸ் பாலட் கூறிய விதிப்படி, நம் நாட்டில் ஒருவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்த மையம் அவருக்கு இடக்கைப் பக்கம் இருக்கும். வடக்கிலிருந்து காற்று வீசினால் மையம் கிழக்கே இருக்கிறது. காற்றுத் தெற்கிலிருந்து வரத்தொடங்கினால் மையம் மேற்கே கடந்துவிட்டது. மலையோரங்களில் காற்றுத் திசை மாறி வீசுமாகையால், திறந்த வெளியில் நின்றே இதைப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, பயிர்ப் பாதுகாப்பு. புயல்வழி நம்மை நோக்கியிருப்பதாகத் தெரிந்தவுடன் முற்றிய தேங்காய்களையும் கனத்த கீழ்மட்டைகளையும் இறக்கினால் மரத்தின் பாரம் குறையும். வாழைக்கு முட்டுக் கொடுப்பதோடு, தார் முதிர்ந்தவற்றை வெட்டிவிடுவது உத்தமம். முருங்கையின் நீண்ட கிளைகளைக் கழிக்கலாம். காய்கறித் தோட்டங்களில் வடிகால் வெட்டி, மழை ஓயும்வரை உரமிடுதலையும் மருந்தடித்தலையும் நிறுத்திவைக்கவேண்டும். இல்லாவிடில் செலவிட்ட பணம் வெள்ளத்தோடு போய்விடும்.

நான்காவது, கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. கர்ணமும் மணியமும் 1980-ஆம் வருஷத்தோடு போயின. ஆனால் அடங்கலின் முக்கியம் போகவில்லை. பயிர்ச்சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நிவாரணம் என்பது 2015-ஆம் வருஷம் முதல் உள்ள விதி. அதற்கு முன் 50 சதவீதமாயிருந்தது. வீழ்ந்து அழுகிய வாழைத்தோட்டத்தைப் புயலுக்குப்பின் கணக்கிடுவது எளிதன்று. எந்தப் புலத்தில், யாருடைய சாகுபடியில், எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்பது புயலுக்கு முன்பே அடங்கலில் உள்ளபடி ஏறியிருந்தால், குத்தகைக்குப் பயிரிடும் ஏழைக்கும் உரியது கிடைக்கும். நிலம் பார்க்காமல் முந்தின வருஷப் பதிவையே திருப்பி எழுதுவது, நஷ்டப்பட்டவனை இரண்டாம் முறை நஷ்டப்படுத்துவதாகும். பட்டாதாரர்களும் தங்கள் புலத்தின் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுதல் நலம்.

முடிவாக

புயல் பிறப்பதை மனிதரால் தடுக்கமுடியாது. அது எங்கே தோன்றிற்று, எங்கே செல்லுகிறது என்பதைச் சில தினங்களுக்கு முன்னதாகவே அறிவிக்கும் வசதி இக்காலத்தில் இருக்கிறது. ஆனால் தூர்ந்துபோன வாய்க்காலை அந்தச் சில தினங்களில் வெட்டிவிட முடியாது. அறிவிப்பு வந்தபின் செய்யும் வேலை உயிரைக் காக்கும்; அதற்கு முன் செய்துவைத்த வேலையே பயிரையும் நீரையும் காக்கும். ஆகையால் மிராசுதார்களும் பட்டாதாரர்களும் கிராம அதிகாரிகளும் ஒருங்கே முயன்று, ஒவ்வொரு வருஷமும் புரட்டாசிக்குள் தத்தம் கிராமத்துக் குளத்தின் வரத்தையும் போக்கையும் சீர்செய்வார்களாக. அவ்விதம் செய்த கிராமத்தில், விரிகுடாவில் எழும் புயல் மாசிவரை குளத்தில் நிற்கும் நீராகும். செய்யாத கிராமத்தில் அதே புயல் ஓரிரவில் கரையையும் உடைத்து, கோடையில் குடத்தையும் வெறுமையாக்கும்.